எடைக்குப் போகாத ஈயம்: ஆன்ட்வெர்ப்பின் பிளான்டின்-மொரேட்டஸ் வீடு

பெல்ஜியம் போகிற நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் பிரசெல்ஸில் சதுக்கத்தையும் பிரூஜில் கால்வாய்களையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆன்ட்வெர்ப் போனால்கூட ரயில் நிலையம், தேவாலயம், வைரக் கடைத் தெரு, அவ்வளவுதான். அந்தத் தேவாலயத்திலிருந்து சில நிமிட நடையில், ஃப்ரைடாக்மார்க்ட் என்ற சின்னச் சதுக்கத்தில், 450 வருடம் பழைய அச்சக வீடு ஒன்று இருக்கிறது. பிளான்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகம் என்று இப்போது பெயர். ஐரோப்பாவில் நான் பார்த்த பழைய வீடுகளில் இதற்கே முதல் இடம் கொடுப்பேன். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், என் பார்வை எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமே. அப்பா கும்பகோணத்தில் சின்னதாக ஒரு அச்சகம் நடத்தினார். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட ரசீதுப் புத்தகம், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. காலால் மிதித்து ஓட்டும் ஒரு ட்ரெடில் மெஷின், சுவரோரமாக ஈய எழுத்துகளைப் பிரித்துப் போட்டு வைக்கும் கேஸ்கள். பாவாடை சட்டை வயதிலேயே நான் அங்கே புரூஃப் பார்ப்பேன், அதாவது மாதிரித் தாளில் பிழை திருத்துவேன். பிறகு, எழுத்துகளை வரியாக அடுக்கும் சின்னத் தட்டான ஸ்டிக்கைக் கையில் பிடித்து அச்சுக்கோர்க்கவும் கற்றுக்கொண்டேன். கணினி வந்தபின் அச்சகம் படுத்துவிட்டது. எழுத்துகளைச் சாக்கில் கட்டி ஈயமாக எடைக்குப் போட்டார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ அச்சகங்களுக்கு நேர்ந்த முடிவு அது. அதனால் இந்த வீட்டை நான் ஒரு சுற்றுலாப் பயணியாக மட்டும் பார்க்கவில்லை.

வெளியே இருந்து பார்க்கும்போது இதை ஒரு மறுமலர்ச்சிக் கால வீடு என்று சொல்லவே முடியாது. தெருப்பக்க முகப்பு 1760-களில் அந்தக் காலத்து நாகரிகப்படி மாற்றிக் கட்டியது. வாசலுக்கு மேலே தங்கக் கவராயம் பொறித்த சிற்பம் இருக்கும், அதைக் கவனியுங்கள். அதுதான் இந்த அச்சகத்தின் சின்னம். உழைப்பாலும் உறுதியாலும் என்பது அவர்கள் குறிக்கோள். கவராயத்தின் சுற்றும் கால் உழைப்பு, ஊன்றி நிற்கும் கால் உறுதி. இங்கே அச்சான புத்தகங்களின் முதல் பக்கத்தில் இந்தச் சின்னத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

உள்ளே நுழைந்து முற்றத்துக்கு வந்ததும் காலம் மாறிவிடுகிறது. செங்கல்லும் வெள்ளைக் கல்லும் கலந்த சுவர், ஈயப் பட்டைக்குள் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை அடக்கிய சன்னல்கள், ஒரு பக்கம் வளைவுத் தாழ்வாரம், நடுவே கத்தரித்து ஒழுங்குபடுத்திய செடிகள், சுவரில் படரும் திராட்சைக் கொடி. முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் வீடு. ஒரு பக்கம் குடும்பம் வாழ்ந்தது, இன்னொரு பக்கம் மெஷின் ஓடியது. எஜமானர் சாப்பாட்டு அறையிலிருந்து எழுந்து முற்றத்தைத் தாண்டினால் அச்சுக்கூடம். என் மகள், "நம்ம தாத்தா வீடும் இப்படித்தானேம்மா, முன்னாடி பிரஸ், பின்னாடி வீடு?" என்று கேட்டாள். அளவில் ஒப்பிடவே முடியாது, ஆனால் அமைப்பு அதேதான்.

இந்த வீட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிறிஸ்டோஃப் பிளான்டின் பிரான்ஸ் நாட்டுக்காரர். புத்தகம் கட்டுகிற பைண்டராகத்தான் ஆன்ட்வெர்ப்புக்கு வந்தார். அவரை வேறு யாரோ என்று நினைத்துத் தெருவில் தாக்கிவிட்டார்கள் என்றும், அந்தக் காயத்தால் பைண்டிங் வேலை செய்ய முடியாமல் அச்சுத் தொழிலுக்கு மாறினார் என்றும் சொல்கிறார்கள். 1555-இல் தொடங்கிய அச்சகம் இருபது வருடத்தில் 16 மெஷின், ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்கள் என்று வளர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய தொழிற்சாலை. 1576-இல் இந்தச் சதுக்கத்துக்குக் குடிபெயர்ந்தார். அதே வருடம் சம்பளம் கிடைக்காத ஸ்பானிஷ் சிப்பாய்கள் ஊரைச் சூறையாடினார்கள். கப்பம் கட்டிக் கட்டித்தான் இந்த வீட்டையும் மெஷின்களையும் காப்பாற்றினார். 1589-இல் அவர் இறந்ததும் மருமகன் யான் மொரேட்டஸ் பொறுப்பேற்றார். அதன்பின் 1876 வரை அந்தக் குடும்பத்தின் கையிலேயே இருந்தது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். சொத்துப் பிரிக்கும்போது அச்சகத்தைத் துண்டு போடக்கூடாது, வாரிசுகளில் யார் திறமையானவரோ அவரிடம் முழுதாகப் போக வேண்டும் என்று மொரேட்டஸ் குடும்பத்தில் உயில் எழுதி வைத்தார்கள். அண்ணன் பங்கு, தம்பி பங்கு என்று குறுக்கே சுவர் எழும்பிய எத்தனை நல்ல வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்! அந்த ஒரு முடிவுதான் மெஷினையும் எழுத்தையும் கணக்குப் புத்தகத்தையும் படத்தையும் ஒரே கூரையின் கீழ் முந்நூறு வருடம் சேர்த்து வைத்தது. இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பெயினுக்கும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளுக்கும் வழிபாட்டு நூல்கள் அச்சிட்டு அனுப்பும் உரிமைதான் இவர்களுக்குப் பெரிய வருமானம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த உரிமை போய்விட்டது. குடும்பம் பணக்காரக் குடும்பம், அதனால் விற்க வேண்டிய அவசியம் இல்லை. தொழில் சுருங்கிவிட்டது, அதனால் புது மெஷின் வாங்கிப் பழையதைக் கழிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கடைசியில் எட்வர்ட் மொரேட்டஸ் 1876-இல் வீட்டையும் உள்ளே இருந்த எல்லாவற்றையும் சேர்த்து நகர நிர்வாகத்திடம் விற்றார். அடுத்த வருடமே அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

சரி, உள்ளே போவோம். முதல் சில அறைகள் செல்வத்தைக் காட்டுவதற்கென்றே அமைத்தவை. தரைவிரிப்புப் போல நெய்த சுவர்த்திரைகள், கனமான ஓக் மேசைகள், ரூபன்ஸ் வரைந்த குடும்ப உருவப்படங்கள். யான் மொரேட்டஸின் மகன் பல்தாசரும் ஓவியர் ரூபன்ஸும் பள்ளித் தோழர்கள். அதனால் இந்த அச்சகத்தின் புத்தகங்களுக்கு முகப்புப் படங்களையும் ரூபன்ஸ் வரைந்து கொடுத்தார். ஒரு முகப்பு வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே சொல்லிவைக்க வேண்டும், விடுமுறை நாட்களில் சாவகாசமாகத்தான் வரைவார், வேலை நாளில் கேட்டால் ஒரு படத்துக்கு நூறு கில்டர் ஆகிவிடும் என்று பல்தாசர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். உருவப்படங்களின் முன்னால் நான் அதிக நேரம் நிற்கவில்லை. ஓவியம் தெரிந்தவர்கள் நிற்பார்கள். அறிஞர் லிப்சியஸின் பெயரால் அமைந்த அறையில் சுவர் முழுக்கப் பொன் நிறத் தோல் ஒட்டியிருக்கிறது. இந்த வகைத் தோலில் தங்கம் கிடையாது, வெள்ளித் தகட்டை ஒட்டி மேலே மஞ்சள் வார்னிஷ் பூசினால் தங்கம் போல மின்னும். அந்தத் தந்திரத்தைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் அழகாக இருக்கிறது.

பழைய புத்தகக் கடையைத் தவற விடாதீர்கள். தெருவைப் பார்த்த சின்ன அறை அது. கல்லாவில் தராசு இருக்கிறது, வாடிக்கையாளர் கொடுக்கும் பொற்காசு சரியான எடைதானா என்று பார்ப்பதற்கு. சுவரில் திருச்சபை தடை செய்த புத்தகங்களின் பட்டியல் மாட்டியிருக்கிறது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், ஆன்ட்வெர்ப்பில் 1570-இல் வெளிவந்த தடைப் பட்டியலை அச்சிட்டவரே பிளான்டின்தான். எதை விற்கக்கூடாது என்பதைத் தன் கையாலேயே அச்சடித்து, அதற்குக் கீழேயே கடை நடத்த வேண்டிய காலம் அது.

அதைத் தாண்டிப் போனால் புரூஃப் பார்ப்பவர்களின் அறை. என்னை அங்கிருந்து கிளப்புவதற்கு மகள் பெரும்பாடு பட்டாள். முற்றத்துச் சன்னலை ஒட்டிப் பெரிய ஓக் மேசை, எதிரெதிராக உட்கார இரண்டு பக்கமும் இருக்கை. வெளிச்சம் பக்கவாட்டில் வந்து தாளில் விழுகிறது. கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்த்த யாருக்கும் அந்த மேசையை எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதன் அருமை தெரியும். இந்த அச்சகத்தில் கிலியான் என்று ஒருவர் இருந்தார். அச்சுக்கோர்ப்பவராகச் சேர்ந்து, புரூஃப் பார்ப்பவராக உயர்ந்து, பல பத்தாண்டுகள் இங்கேயே உழைத்து 1607-இல் இறந்தார். அந்த வேலைக்கிடையே டச்சு மொழிக்கு அகராதி தொகுத்தார். 1574-இல் முதல் பதிப்பு, பிறகு பெருக்கிப் பெருக்கி 1599 வரை மூன்று பதிப்புகள். பகலெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் ஒரு மொழிக்கே சொல் சேகரித்த மனிதர். அவருக்கு ஊரில் எவ்வளவு பெரிய சிலை வைத்தாலும் தகும்.

பிளான்டினுக்கு ஐந்து பெண்கள். அந்தப் பெண்களும் சின்ன வயதிலேயே புரூஃப் வாசிக்க உட்கார்ந்தார்கள் என்று அவரே ஸ்பெயின் மன்னரின் செயலாளருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நாலைந்து வயதில் எழுத்துக் கூட்டக் கற்று, பன்னிரண்டு வயது வரை பல மொழிப் புரூஃப்களை வாசித்தார்களாம். நான்காவது பெண் மக்தலேனா, எபிரேயம், சிரியாக், கிரேக்கம், லத்தீன் மூலங்களை உரக்க வாசிக்க, பக்கத்தில் அறிஞர் மொன்தானோ புரூஃபைச் சரி பார்ப்பார். அந்த வேலை பிளான்டினின் மாபெரும் பன்மொழி பைபிளுக்காக நடந்தது. 1568-இல் தொடங்கி 1573-இல் முடிந்த எட்டுத் தொகுதிகள், ஐந்து மொழிகள், எதிரெதிர்ப் பத்திகளில். தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு பக்க நோட்டீஸையே வரி வரிக்கு ஒட்டிவரக் கோர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். வலமிருந்து இடம் போகும் இரண்டு மூன்று எழுத்துகளும், இடமிருந்து வலம் வரும் இரண்டும், ஒரே பக்கத்தில் பொருள் பிசகாமல்! கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைத்திருந்த பக்கத்தை வணங்கிவிட்டுத்தான் நகர்ந்தேன். அந்த மூலங்களைச் சத்தமாக வாசித்த பெண்ணுக்கும் சேர்த்துத்தான் அந்த வணக்கம்.

அடுத்து அச்சுக்கூடம். இந்த வீட்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நீளமான கூடம், ஒரு பக்கம் வரிசையாகக் கேஸ்கள், இன்னொரு பக்கம் மர மெஷின்கள். மூலையில் இருக்கும் இரண்டும் 1600-ஐ ஒட்டிச் செய்தவை, உலகத்தில் மிஞ்சியிருக்கும் அச்சு இயந்திரங்களிலேயே பழையவை. மெஷினின் தலையிலிருந்து கூரை உத்தரம் வரை கட்டைகளை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கைப்பிடியை இழுக்கிற வேகத்தில் மெஷின் ஆடக்கூடாதே. ஆக, அந்தக் கட்டடமும் மெஷினின் ஒரு பகுதிதான். கூரையைக் கழற்றினால் மெஷின் நிற்காது, மெஷினை எடுத்துவிட்டால் அந்த முட்டுக்கு அர்த்தமில்லை. பாரம்பரியக் கட்டடத்தைப் பாதுகாப்பது என்றால் சுவரையும் கூரையையும் மட்டும் பாதுகாப்பதில்லை, உள்ளே நடந்த வேலையோடு சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று நான் நம்புவதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்கு வேண்டாம்.

ஒரு மெஷினுக்கு இரண்டு ஆள். ஒருவர் தோல் பந்துகளில் மை தொட்டு, கோர்த்து இறுக்கிய எழுத்துப் பக்கமான ஃபாரத்தின் மேல் ஒற்றுவார், மற்றவர் ஈரத்தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். ஒரு நாளைக்கு 1,250 தாள், இரண்டு பக்கமும். அதாவது 2,500 இழுப்பு. அந்தத் தோள்களை நினைத்துப் பாருங்கள். தொழிலாளர்கள் தங்களுக்குள் பணம் போட்டு, நோயில் விழுந்தவருக்கு உதவ ஒரு நிதியும் வைத்திருந்தார்கள். இதெல்லாம் நமக்கு எப்படித் தெரிகிறது? கூலிக் கணக்கு, காகிதக் கணக்கு, கடிதப் போக்குவரத்து எல்லாம் அப்படியே கிடைக்கின்றன. அந்த ஆவணங்களை 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 2005-இல் வீடு, பட்டறை, அருங்காட்சியகம் மொத்தத்தையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெறும் கட்டடமாக இருந்திருந்தால் இந்த மரியாதை கிடைத்திருக்காது.

மரப்படி ஏறி மேலே போனால் எழுத்து வார்க்கும் பட்டறை. பஞ்ச், மேட்ரிக்ஸ், வார்ப்பு அச்சு, உலை எல்லாம் இருக்கின்றன. எஃகுத் துண்டின் முனையில் ஒரே ஒரு எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாற்றிச் செதுக்குவது பஞ்ச். அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கினால் மேட்ரிக்ஸ். அதில் ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து. பஞ்ச் மட்டும் 4,000-க்கு மேல், மேட்ரிக்ஸ் 15,000-க்கு மேல் இங்கே சேர்த்து வைத்திருக்கிறார்கள். காரமாண்ட், கிரான்ஷோன் போன்ற 16-ஆம் நூற்றாண்டு மேதைகள் கையால் செதுக்கியவை அவற்றில் உண்டு. கணினியில் நாம் தட்டும் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துக்கும் இந்த வீட்டுக்கும் உறவு இருக்கிறது. 1913-இல் மோனோடைப் நிறுவனம் இங்கே இருந்த பழைய எழுத்து மாதிரி ஒன்றைப் பார்த்து ‘பிளான்டின்’ என்ற எழுத்துரு செய்தது. பிறகு டைம்ஸ் நியூ ரோமனை வடிவமைத்தபோது அந்த எழுத்துருதான் முன்மாதிரிகளில் ஒன்றாக இருந்தது.

நூலக அறைகளையும் பாருங்கள், அழகானவை. ஆனால் இந்தியாவிலிருந்து போகிறவர்களிடம் வேறொரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல ஆசைப்படுகிறேன். கார்சியா த ஓர்தா என்ற போர்த்துகீசிய மருத்துவர் கோவாவில் பல வருடம் வாழ்ந்து, இந்திய மூலிகைகளையும் வாசனைப் பொருட்களையும் பற்றி எழுதிய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சானது. அது போர்த்துகீசிய மொழியில் இருந்ததால் அதிகம் பேர் படிக்கவில்லை. கரோலஸ் குளுசியஸ் என்ற தாவரவியலாளர் அதை லத்தீனில் சுருக்கி எழுத, 1567-இல் பிளான்டின் படங்களோடு அச்சிட்டார். அப்போது அவர் இந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை, பழைய இடத்தில் இருந்தார். நம் மண்ணின் மருந்துச் செடிகளைப் பற்றி ஐரோப்பிய வைத்தியர்கள் பரவலாகப் படித்தது அந்தப் பதிப்பின் வழியாகத்தான். பிளான்டின் இந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது வருடம், 1578-இல், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற 16 பக்கக் கிறிஸ்தவச் சமய நூல் தமிழ் எழுத்தில் அச்சாகிறது. அந்தத் தமிழ் எழுத்துகளின் பஞ்ச் எங்கே, மேட்ரிக்ஸ் எங்கே? பிளான்டினின் எழுத்துப் பட்டறையில் நிற்கும்போது எனக்கு அந்த ஏக்கம் வந்தது, மறைக்க விரும்பவில்லை.

இந்த வீடும் அடி வாங்காமல் வந்துவிடவில்லை. 1945 ஜனவரி 2-ஆம் தேதி ஜெர்மானியரின் வி-2 ராக்கெட் ஒன்று இந்தச் சதுக்கத்தில் விழுந்து வீட்டைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. பொறுமையாகச் சரி செய்து 1951-இல் மறுபடி திறந்தார்கள். 2016-இல் பக்கத்திலேயே வாசிப்பறையும் சேகரிப்புகளைப் பாதுகாக்கும் அறையும் கொண்ட புதுக் கட்டடம் சேர்த்தார்கள். அது பழையதைப் போல வேஷம் போடாமல் புதுக் கட்டடமாகவே நிற்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. நம் ஊரில் பழைய கோயிலுக்கும் அரண்மனைக்கும் பக்கத்தில் கட்டுபவர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். திங்கட்கிழமை விடுமுறை. மத்திய ரயில் நிலையத்திலிருந்து டிராமில் க்ரூன்பிளாட்ஸ் இறங்கினால் அங்கிருந்து நடைதான். அறைகளில் வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும், தாளும் தோலும் வெளிச்சத்தில் கெட்டுப்போகும் என்பதால். கண்ணாடி போடுபவர்கள் மறக்காமல் எடுத்துப் போங்கள். பழைய வீடு என்பதால் மரப்படிகள் உண்டு, முழங்கால் வலி இருந்தால் நிதானமாக ஏறுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஓடிவிடலாம், ஆனால் அரை நாள் ஒதுக்கினால்தான் மனசு நிறையும். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் நேராக அச்சுக்கூடத்துக்குப் போய்விட்டு அப்புறம் மற்ற அறைகளுக்கு வாருங்கள். முடிந்தால் வெள்ளிக்கிழமை காலையில் போங்கள், வாசலில் இருக்கும் சதுக்கத்தில் பழைய சாமான்களை ஏலம் விடுவார்கள். பிளான்டின் எழுதிய சானெட் என்ற பதினான்கு வரிக் கவிதை ஒன்றின் அச்சுத்தாள் கடையில் கிடைக்கும். நல்ல வீடு, நல்ல தோட்டம், கொஞ்சம் புத்தகம், கடனில்லாத வாழ்க்கை என்று போகும் கவிதை அது. நான் ஒன்று வாங்கினேன்.

போக முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. இந்த வீட்டில் உள்ள படம் அச்சிடுவதற்காகச் செதுக்கிய சுமார் 14,000 மரக்கட்டை பிளாக்குகளின் படங்களை இணையத்தில் போட்டிருக்கிறார்கள். செடி, கொடி, விலங்கு, அலங்கார எழுத்து என்று தேடித் தரமான அளவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அட்டை வடிவமைப்பவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சிறுபத்திரிகை நடத்துபவர்கள் தயங்காமல் பயன்படுத்துங்கள், அதற்காகத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள்.